கட்டிலோரத்து வயர்கள்

பெவின் "சிஸ்டர், தலை வலிக்கு" என்று சொன்னால் நர்ஸான நான் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன்.

மற்றவர்களுக்குத் தலைவலி வந்தால் தைலம் தடவலாம், ஒரு கடுங்காப்பி குடிக்கலாம். கழுத்தில் தண்டுவடம் நசுங்கி, நெஞ்சுக்குக் கீழே உணர்வு போனவர்களுக்கு வரும் தலைவலி வேறு. கீழே எங்கோ ஒரு தொந்தரவு இருக்கும். சிறுநீர் அடைத்திருக்கலாம், மலம் இறுகியிருக்கலாம், இடுப்புப் பட்டி அழுத்தியிருக்கலாம், கால் நகம் சதைக்குள் இறங்கியிருக்கலாம். ஆளுக்கு அது தெரியாது. உடம்பு மட்டும் தெரிந்துகொண்டு இரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். காரணத்தைக் கண்டுபிடித்து எடுக்கும்வரை இறங்காது. தாமதித்தால் மூளைக்குள் இரத்தக்குழாய் உடையும். முன்பு வேறு ஊரில் நான் பார்த்துக்கொண்ட ஒருவருக்கு அப்படி ஆனது. காலை எட்டரைக்குத் தலைவலி என்றார். ஒன்பதரைக்குப் பேச்சில்லை. முப்பத்தோரு வயது.

பெவினுக்கு முப்பத்தெட்டு. சாத்தான்குளத்துப் பையன். அப்பா வாத்தியார், இப்போது இல்லை. அக்கா ஈவாஞ்சலினும் டீச்சர். மில்லர்புரத்தில் அவள் வீட்டு முன்னறைதான் பெவினின் அறை. துறைமுகத்தில் சர்வேயராக இருந்தவன். கப்பலில் வந்த நிலக்கரி சொன்ன எடை இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கப்பலின் சரக்கறைக்குள் ஏணியில் இறங்கும்போது கால் வழுக்கிவிட்டது. மூன்று ஆள் உயரம். தோளும் முழங்கையும் அசையும். மணிக்கட்டை மேலே தூக்குவான். விரல்கள் கேட்காது.

முதல் இரண்டு வருடம் யாரோடும் பேசவில்லையாம். அதை நான் பார்க்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவன் வாயை மூட வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அதற்குக் காரணம் சிலுவை.

சிலுவை திரேஸ்புரத்துக்காரன். துறைமுகத்தில் மீனும் இறாலும் போகிற குளிர்பெட்டிக் கன்டெய்னர்களுக்கு மின்சாரம் கொடுத்து, உள்ளே சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன். விழுவதற்கு முன்பே பெவினும் அவனும் சேர்ந்து பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் பூட்டுகிற கிறுக்கர்கள். ஒருநாள் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கான ஒரு ஜாய்ஸ்டிக்கின் குச்சியை அறுத்துவிட்டு, அதில் தோசைக்கரண்டியின் பிடியைப் பொருத்திக் கொண்டுவந்திருக்கிறான். விரல் வேண்டாம், மணிக்கட்டால் தள்ளினால் போதும்.

"இதுல நீ என்னைய ஜெயிச்சிட்டா மொட்ட அடிக்கேன்லே" என்றானாம்.

பதினோராவது நாள் சிலுவைக்கு மொட்டை. அந்தப் படத்தைப் பெவின் இன்னும் கம்ப்யூட்டர் திரையின் முகப்பில் வைத்திருக்கிறான்.

அதிலிருந்து உள்ளங்கையில் பட்டை கட்டி, ரப்பர் முனை வைத்த குச்சியைச் செருகித் தட்டச்சு பழகி, புரோகிராம் எழுதத் தொடங்கினான். ஒரு பழைய விளையாட்டின் பிழைகளைத் தேடும் இணையக் குழுவில் ஒரு பெண்ணோடு நாலு நாள் சண்டை போட்டான். ஐந்தாம் நாள் பார்த்தால் அவள் ஆழ்வார்திருநகரிப் பெண், ஆறுமுகநேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். பெயர் ஸ்ரீப்ரியா. இந்த மூன்று பேரும் சேர்ந்ததுதான் ரீஸ்டார்ட் சங்கம். யார் என்ன கோளாறு என்று சொன்னாலும் முதல் கேள்வி, "ரீஸ்டார்ட் பண்ணியா?" ஞாயிறு மாலை நாலு மணிக்கு மூவரும் அவரவர் வீட்டிலிருந்து ஸ்பீக்கரில் கூடுவார்கள். ஏழு மணிவரை பேச்சுதான்.

என் காதில் விழாமல் இருக்க வழியில்லை. துணி மடிக்கும்போதும், அவன் காலை நீட்டி மடக்கிவிடும்போதும் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன். உப்புக்காற்றில் கம்ப்யூட்டர் போர்டில் பச்சைக் களிம்பு ஏறுவது, ரேம் பட்டையைப் பென்சில் அழிப்பானால் தேய்த்தால் கம்ப்யூட்டர் உயிர்பிழைப்பது எல்லாம் எனக்கு அத்துபடி. போர்டு துடைக்க என் ஸ்பிரிட்டையும் பஞ்சையும்தான் எடுப்பார்கள். கேட்டு எடுப்பதில்லை.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது புதிதாக ஒரு மெஷின் பூட்டினால், அதன் பின்புறத்து வயர்களைப் படம் எடுத்து குரூப்பில் போட வேண்டும். மற்றவர்கள் பத்துக்கு மார்க் போடுவார்கள். வயர் கண்டபடி தொங்கினால் மூன்று, நான்கு. நேர்கோடாகக் கட்டியிருந்தால் எட்டு. சிலுவை அதில் மன்னன். கன்டெய்னர் யார்டில் வயர் காலில் இடறி ஒருவன் விழுந்ததைப் பார்த்தவன். தரையில் தொங்கும் எதையும் அவனால் சகிக்க முடியாது. கறுப்பு பிளாஸ்டிக் டேகைச் சுற்றி, நுனியைப் பிடித்து இழுப்பான். கிரிக் கிரிக் என்று பல் ஏறி இறுகும். பிறகு எல்லாவற்றையும் ஒரு கறுப்பு வலைச் சட்டைக்குள் நுழைத்துவிடுவான். பாம்பு மாதிரி வழுவழுவென்று போகும்.

அவன் அதிகபட்சம் வாங்கியது ஒன்பது. பத்து கொடுத்ததே இல்லை ஸ்ரீப்ரியா.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெவினுக்குப் புது மெஷின் வந்தது. ஒரு ஆபீஸ் கழித்துப்போட்ட பெட்டியில் சிலுவை ஒரு மாதமாகப் பாகம் பாகமாகச் சேர்த்தது. காலைப் பூசை முடித்துப் பத்தரைக்கு மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தோடு வந்துவிட்டான். ஈவாஞ்சலின் நாசரேத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

பெவினின் கட்டிலோடு ஒட்டி மேசை. பாதி சாய்ந்தபடி கட்டிலிலேயே இருந்து வேலை செய்வான். சிறுநீர்க்குழாய் கால் பக்கமாக வந்து, கட்டில் சட்டத்துக்குக் கீழே இறங்கி, கொக்கியில் தொங்கும் பையில் சேரும். பை மேசையின் நிழலில் இருக்கும், அளவுக் கோடுகள் தெரியும். காலையில் பையைக் காலி செய்தேன். பிறகு சாப்பாடு, குளிப்பாட்டல், உடை மாற்றல்.

"சிஸ்டர், அந்தப் பக்கம் வராதீக. ஸ்க்ரூ எல்லாம் தரையில கெடக்கு" என்றான் சிலுவை.

"வயரு உங்க வேல. எனக்கென்ன" என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இதை எழுதும்போது அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போக மனமில்லை. நான் பின்னால் ஒரு தடவை குனிந்து பார்த்திருக்க வேண்டும். இரண்டு மணிக்கொரு தரம் குழாயைக் கையால் தடவிப் பார்ப்பது என் வழக்கம். அன்று மீன்குழம்பைப் பார்த்தேன்.

ஒன்றே முக்காலுக்கு வேலை முடிந்தது. சிலுவை படம் எடுத்து குரூப்பில் போட்டான். ஸ்ரீப்ரியாவின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"அண்ணாச்சி, ஒன்பதரை."

"அரைய எதுக்குக் கொறச்ச?"

"அந்த ஓரத்துல ஒரு முடிச்சு வளைஞ்சிருக்கு."

"ஏளா, அது முடிச்சில்ல, அது சுவத்துல உள்ள ஆணி!"

"ஆணிக்கும் சேத்துத்தான்."

மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டு, பெவின் மூன்று டம்ளர் மோர் குடித்தான். சிலுவை இரண்டரைக்கு வீட்டுக்குக் கிளம்பினான்.

நாலு மணிக்குச் சங்கம் கூடியது. அன்று முக்கியமான நாள். பெவின் ஒரு வருடமாக எழுதிய விளையாட்டை முதல் தடவையாக மூன்று பேரும் சேர்ந்து ஓட்டிப் பார்க்கிறார்கள். சங்கு குளிக்கிற விளையாட்டு. ஒருவர் கடலுக்குள் இறங்கிச் சங்கு பொறுக்க வேண்டும். ஒருவர் தோணியில் கயிறு பிடிக்க வேண்டும். கீழே இருப்பவர் கயிற்றை இழுத்தால், மேலே இருப்பவர் தூக்கிவிட வேண்டும். சிலுவையின் அப்பா சங்கு குளித்தவர், அதனால் அவனுக்குத்தான் இறங்கும் வேடம். கயிறு ஸ்ரீப்ரியாவிடம்.

நான் கால்மாட்டில் உட்கார்ந்து துணி மடித்தேன். திரையில் நீலத்துக்குள் ஒரு மனிதன் நடந்தான்.

"மூச்சு எவ்ளோ இருக்கு?" என்றான் பெவின்.

"பத்து. ஏழு. நாலு. ஏளா தூக்கு, தூக்கு!"

"நீங்க கயித்த இழுக்கவேயில்லையே அண்ணாச்சி."

"இழுத்தேம்ல! ஒண்ணு... இப்பம் மைனஸ் ரெண்டு. மைனஸ் அஞ்சு. ஏலே பெவின், மைனஸ் நாப்பத்தொண்ணுக்குப் போயிட்டு. நான் செத்து ரெண்டு நிமிசம் ஆவுது, இன்னும் சங்கு பொறுக்கிட்டுத் திரியுதேன்."

மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"எனக்குப் புரிஞ்சுட்டு" என்றாள் ஸ்ரீப்ரியா. "மூச்சு சரியா பூஜ்யத்துக்கு வந்தா செத்துட்டான்னு எழுதியிருக்கீங்க. நூறுலருந்து மூணு மூணா கொறைஞ்சா பூஜ்யம் எங்க வரும்? ஒண்ணுலருந்து மைனஸ் ரெண்டுக்குத் தாவிரும். பூஜ்யமோ அதுக்குக் கீழயோன்னு போடணும்."

"அட, ஆமா" என்றான் பெவின். குச்சி விசைப்பலகையில் தட்டத் தொடங்கியது. தட்டியது, நின்றது. மறுபடி தட்டியது. நின்றது.

அவர்கள் இருவரும் பேசாமல் காத்திருந்தார்கள். பெவின் தட்டும்போது மற்றவர்கள் அவசரப்படுத்தக் கூடாது என்பதும் சங்கத்தின் மரியாதைகளில் ஒன்று. மெதுவாகத்தான் தட்டுவான், எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்த மௌனம் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

எனக்குப் பட்டது. குச்சி நின்ற இடைவெளி அதிகம். நிமிர்ந்து பார்த்தேன். பெவினின் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு.

"தலை வலிக்கா?"

"லேசா."

"எப்பத்துலருந்து?"

அவன் கண் திரையிலேயே இருந்தது.

"எலே, எப்பத்துலருந்துன்னு கேக்கேன்."

"அரை மணி நேரமா. கேம் ஓடிட்டு இருந்துச்சு சிஸ்டர்..."

அரை மணி நேரம். இரத்த அழுத்தக் கருவியைக் கட்டினேன். பெவினுக்கு எப்போதும் தொண்ணூறு, அறுபதுதான். கருவி நூற்று எழுபத்தெட்டு காட்டியது. மறுபடி பார்த்தேன். நூற்று எண்பத்தாறு.

கட்டிலின் தலைப்பக்கத்தை முழுக்க நிமிர்த்தினேன். கால்களைத் தூக்கி வெளியே தொங்கப் போட்டேன். உட்கார்ந்த நிலையில் அழுத்தம் கொஞ்சம் இறங்கும். வயிற்றுப் பட்டையை அவிழ்த்தேன், சட்டைப் பொத்தான், காலுறை எல்லாவற்றையும்.

"என்ன சத்தம்? பெவினண்ணா?" என்றாள் ஸ்ரீப்ரியா.

"ப்ரியா, அவனுக்குப் பிரஷர் ஏறிட்டு. நூத்தியெட்டுக்குப் போன் போடு. இந்த வீட்டு விலாசம் சொல்லு. கழுத்து அடிபட்ட பேஷன்ட், பிரஷர் நூத்தி எண்பத்தாறுன்னு சொல்லு. லைனை வெட்டாத."

அவள் கேள்வி கேட்கவில்லை. இன்னொரு போனில் பேசுவது கேட்டது.

இனி காரணம். முதலில் பார்க்க வேண்டியது சிறுநீர்தான். குனிந்து பையைப் பார்த்தேன். நானூறு மில்லி கோட்டில் மஞ்சளாக நின்றது. பையில் சிறுநீர் இருக்கிறது, அப்படியென்றால் இறங்குகிறது, அடைப்பில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நாற்பது வருட வேலை அனுபவத்தில் இப்படி ஒரு அவசர முடிவு. அடுத்த காரணத்துக்குப் போனேன். விரிப்பில் சுருக்கம் இல்லை. முதுகுக்குக் கீழே கைவிட்டுத் தடவினேன், ஸ்க்ரூ எதுவும் உருண்டு போயிருக்கிறதா என்று. இல்லை. கால் விரல்கள் பத்தும் சரி. புண் இல்லை. கையுறை மாட்டி மலம் இறுகியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. காலையில்தான் போயிருந்தான்.

இருநூற்று நாலு.

"சிஸ்டர், கண்ணு மங்குது" என்றான் பெவின். முகம் செம்பருத்தி நிறம். குரலில் நடுக்கம் இருந்தது. அவன் என்னிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "நான் பொழைப்பேனா?"

"வாயத் தெறந்து மூச்சு விடு. பேசாத."

பதில் சொல்லாததற்குக் காரணம், எனக்குத் தெரியாது என்பதுதான்.

"ஆம்புலன்ஸ் கெளம்பியாச்சாம் சிஸ்டர்" என்றாள் ஸ்ரீப்ரியா. "கேட் அடைச்சிருக்காம், ரயில் போனதும் வந்துருவாங்களாம்."

"நான் வாரேன், பைக்க எடுக்கேன்" என்றான் சிலுவை.

"நீ வந்து என்ன பண்ணப் போற? லைன்லயே இரு. காலைல இங்கன என்ன எல்லாம் மாத்துன, ஒண்ணொண்ணா சொல்லு. அவன் மேல படுத மாதிரி எதையாவது வச்சியா?"

"இல்ல சிஸ்டர். மேசையத்தான் நவுட்டினேன். வயரெல்லாம் கட்டில் சட்டத்தோட சேத்துக் கட்டுனேன். அவன் மேல எதுவுமே படல."

"மெத்தைக்குக் கீழ?"

"கைய வைக்கவே இல்ல. வேணும்னா போட்டோவப் பாருங்க, எல்லாம் அதுல இருக்கு."

எனக்குப் போட்டோ பார்க்க நேரமில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்து வைத்திருந்த ஒரே ஒரு மாத்திரை என் பெட்டியில் இருந்தது. காரணம் கிடைக்கவே இல்லை என்றால் மட்டும் கொடுக்கச் சொன்னது. கொடுத்த பிறகு காரணம் நீங்கினால் அழுத்தம் ஒரேயடியாக விழுந்துவிடும், அதுவும் ஆபத்து. உறையைக் கிழித்து மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டேன். கருவி இருநூற்றுப் பதினான்கு காட்டியது.

"போட்டோ என்கிட்ட இருக்கு, நான் பாக்கேன்" என்றாள் ஸ்ரீப்ரியா. "பெரிசு பண்ணிப் பாக்கேன். மெத்தைக்குக் கீழ எதுவும் இல்ல. சட்டத்துல கறுப்புச் சட்டை போட்ட வயர். அதுக்குக் கீழ ஸ்விட்ச் பெட்டி. இங்கன ஓரத்துல பை தொங்குது, நானூறுல நிக்குது. அதுக்கு இந்தப் பக்கம்..."

"என்ன சொன்ன?"

"பை. நானூறு."

"படம் எப்ப எடுத்தது?"

"ஒண்ணு நாப்பத்தி மூணு."

மணியைப் பார்த்தேன். ஐந்தாகப் பத்து நிமிடம். மறுபடி குனிந்து பையைப் பார்த்தேன். நானூறு. மூன்று மணி நேரமாக, மூன்று டம்ளர் மோருக்குப் பிறகும், ஒரு சொட்டு இறங்கவில்லை. இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, ஏறியிருக்கிறதா என்று பார்க்கவில்லை.

மாத்திரையை மேசையில் போட்டேன். ஒரு பிளாஸ்டிக் பேசினைக் காலடியில் வைத்து, தொடையருகே குழாய் சேரும் இணைப்பை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துப் பிடுங்கினேன். என் கை, விரிப்பு, தரை எல்லாம் நனைந்தது. குழாயை மடித்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினுக்குள் விட்டேன். ஐந்நூறு வந்ததும் நிறுத்திக் கருவியைப் பார்த்தேன்.

நூற்று எழுபத்தாறு.

ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

நூற்று நாற்பது. மிச்சத்தை விட்டேன். மொத்தம் எழுநூறுக்கு மேல். நூற்றுப் பன்னிரண்டு. பெவினின் கழுத்துச் சிவப்பு மெல்ல வெளுத்தது. தொண்ணூற்றெட்டுக்கு வந்தபோது கட்டிலைக் கொஞ்சம் சாய்த்தேன்.

"சிஸ்டர்?" என்றான் சிலுவை. "ஏதாவது சொல்லுங்க சிஸ்டர்."

"எறங்கிட்டு."

ஸ்ரீப்ரியா அழும் சத்தம் கேட்டது. எனக்கு அழ நேரமில்லை. கறுப்பு வலைச் சட்டையைக் கத்தரியால் நீளவாக்கில் கிழித்தேன். உள்ளே ஏழு வயர்கள், வரிசையாக, நேராக. எட்டாவதாக அந்தக் குழாய். நாலாவது டேக் அதை இறுக்கியிருந்த இடத்தில் குழாய் தாள் மாதிரி தட்டையாக ஒட்டிப்போயிருந்தது.

"ஏலே சிலுவை. குழாயையும் சேத்தா கட்டுன?"

ஸ்பீக்கரில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"தரையில தொங்கிச்சு சிஸ்டர். உங்க கால்ல இடறும், மேசை சக்கரம் ஏறிரும்னு... பாதுகாப்பா இருக்கட்டும்னுதான்..."

அவன் சொன்னதில் பொய் இல்லை. வயரை எவ்வளவு இறுக்கினாலும் மின்சாரம் போகும். அவன் கைக்கு அந்தப் பழக்கம்தான் தெரியும். குழாய் அப்படி இல்லை என்று அவனுக்குச் சொல்ல வேண்டிய ஆள் அடுப்படியில் இருந்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். கண் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், பாதிப்பில்லை. ஈவாஞ்சலினிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், என் தவறையும் சேர்த்து. அவள் என்னை வேலையை விட்டு அனுப்பியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். அனுப்பவில்லை. ஆனால் வலைச் சட்டையையும் டேகுகளையும் குப்பையில் போட்டாள். ஒரு வாரம் அந்த அறையின் கதவை இரவும் பகலும் சாத்தவிடவில்லை.

சிலுவை மூன்று ஞாயிறு வரவில்லை. போனும் எடுக்கவில்லை. பெவின் எத்தனை தடவை கூப்பிட்டான் என்று நான் கணக்கு வைக்கவில்லை, நிறைய. சங்கம் கூடவில்லை. பெவின் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். நான் பார்க்காத அந்த முதல் இரண்டு வருடம் எப்படி இருந்திருக்கும் என்று அந்த மூன்று வாரத்தில் தெரிந்தது. சாப்பாடு பாதி. பேச்சு கேட்டதற்கு மட்டும். ஒரு மத்தியானம் கேட்டான்:

"அவன் திரும்ப வரவே மாட்டானோ சிஸ்டர்?"

எனக்கு அந்தப் பயம் பிடிக்கவில்லை. அதை அளந்து பார்க்கக் கருவி எதுவும் கிடையாது. நானே சிலுவைக்குப் போன் போட்டேன். என் நம்பர் என்பதால் எடுத்தான்.

"ஞாயித்துக்கெழம வா."

"எந்த மூஞ்சிய வச்சுட்டு வர சிஸ்டர்? அவனக் கொல்லப் பாத்தேன்."

"இருக்குத மூஞ்சிய வச்சுட்டு வா. நானுந்தான் கொல்லப் பாத்தேன். நான் தெனமும் இங்கனதான் இருக்கேன்."

வந்தான். வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரவில்லை. மூன்று வாரத்தில் மெலிந்திருந்தான்.

"பொழச்சது நான், மொட்ட அடிச்சிருக்க வேண்டியதும் நான்தானே, நீ எதுக்குலே அடிச்சிருக்க?" என்றான் பெவின் கட்டிலிலிருந்து.

சிலுவை தலையைத் தடவினான். நிஜமாகவே மொட்டைதான். "நேர்த்தி" என்றான். "உனக்காவ."

"ஒனக்கு மண்ட ஷேப் சரியில்ல. போன தடவையே சொன்னேம்லா."

அதன் பிறகுதான் உள்ளே வந்தான்.

கையில் ஒரு சின்னப் பெட்டி. அவனும் ஸ்ரீப்ரியாவும் போனில் பேசிப் பேசி, நேரில் ஒருவரையொருவர் பார்க்காமலே செய்தது. பையின் கொக்கியை ஒரு எடை பார்க்கும் தகட்டில் மாட்ட வேண்டும். ஒரு மணி நேரமாக எடை ஏறாவிட்டால் கத்தும். புரோகிராம் ஸ்ரீப்ரியாவுடையது. பூஜ்யமோ அதற்குக் கீழேயோ என்று கவனமாக எழுதியிருப்பதாகச் சொன்னாள். முதல் நாளே, நான் பையைக் காலி செய்ததும், எடை குறைந்துவிட்டது என்று கத்தியது. சிலுவை நாற்காலியோடு சாய்ந்தான். பெவின் முகம் வெளுத்துவிட்டது. அப்புறம் திருத்தினார்கள். இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனாலும் நான் அதை நம்பி உட்காருவதில்லை. மணிக்கொரு தரம் குனிகிறேன், எத்தனை என்று சிலேட்டில் எழுதுகிறேன், குழாயைக் கையால் தடவுகிறேன். என் முழங்கால் வலிக்கிறது. வலிக்கட்டும்.

வயர்கள் இப்போது கண்டபடி தொங்குகின்றன. யாரும் எதையும் கட்டுவதில்லை. சிலுவை படம் எடுத்துப் போட்டான், ஸ்ரீப்ரியா இரண்டரை மார்க் போட்டாள். அரையை எதற்குக் கொடுத்தாய் என்று சண்டை. அந்தக் குழாய் மட்டும் தனியாக, எல்லோர் கண்ணிலும் படும்படி, சுவரோரமாக இறங்குகிறது. சிலுவை கட்டிலருகே வந்தால் கையை இரண்டையும் பின்னால் கட்டிக்கொள்கிறான். அது வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை.

போன ஞாயிறு மறுபடி சங்கு குளித்தார்கள். இந்தத் தடவை பெவின் கடலுக்குள் இறங்கினான். ஐந்தரை மணி இருக்கும். திடீரென்று பிடியிலிருந்து மணிக்கட்டை எடுத்துவிட்டான். திரையில் மனிதன் அப்படியே நின்றான்.

"சிஸ்டர்."

நான் எழுந்துவிட்டேன். "தலை வலிக்கா?"

"இல்ல. வலிக்கல. சும்மா கேக்கேன், பை எவ்வளவு?"

குனிந்து பார்த்தேன். "முன்னூத்திப் பத்து."

"முன்னப் பாத்தப்ப?"

சிலேட்டைப் பார்த்தேன். "இருநூத்தி முப்பது."

"சரி."

ஸ்பீக்கரில் யாரும் அவசரப்படுத்தவில்லை. ஆனால் இப்போது இருவரும் சும்மாவும் இல்லை. "இருக்கியாலே?" என்றான் சிலுவை. "அண்ணா, இருக்கீங்களா?" என்றாள் அவள்.

"இருக்கேன், இருக்கேன்" என்றான் பெவின். "ஏளா ப்ரியா, கயித்த ஒழுங்காப் பிடி" என்று சொல்லிவிட்டு, மணிக்கட்டால் பிடியைத் தள்ளி, மறுபடி கீழே இறங்கினான்.